முதல் வெல்டிங் மெஷின்: தோட்டத்துச் சாளைக்கு எது ஒத்துவரும்?

வெல்டிங் மெஷின் வாங்கப்போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் திரும்பி வரும் முதல் கேள்வி "எத்தனை ஆம்பியர்?" என்பதுதான். கடைக்காரர் 200 என்பார். இணையக் கடையில் அதே விலைக்கு 250 என்று போட்டிருக்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் 300 வைத்திருப்பார், அதுவும் அவருடைய அப்பா காலத்தது. இந்த எண்களை ஒன்றோடொன்று மோதவிட்டு முடிவெடுப்பதில் பயனில்லை. மீட்டர் பெட்டியில் என்ன மின்சாரம் இருக்கிறது, பற்றவைக்கப்போகும் இரும்பு எவ்வளவு கனம், வேலை செய்யும் இடத்தில் காற்று எப்படி அடிக்கும் என்ற மூன்றுக்கும் பதில் வைத்திருப்பவர் கடையில் அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க வேண்டியதில்லை. மூன்றாவது கேள்வி சென்னைக்காரருக்கு வேடிக்கையாக இருக்கும். பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கம் இருப்பவர்களுக்கு அப்படி இராது.

வெல்டிங்கைத் தொழிலாகச் செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதவில்லை. மாட்டுக்கொட்டகைக்கு ஒரு கேட், மோட்டார் ரூம் கதவு, மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக் கடவுக்கு இரும்புப் படல், உடைந்த கட்டில் கால், கல்டிவேட்டரில் விரிசல் விட்ட கொழு என்று வருடம் முழுக்கச் சில்லறை வேலை வந்துகொண்டே இருக்கும் சாளையின், அதாவது தோட்டத்து வீட்டின், வீட்டுக்காரருக்காக எழுதுகிறேன். அந்த வேலை வருடத்துக்கு இரண்டோ மூன்றோதான் என்றால் மெஷினே வேண்டாம். கொங்கு நாட்டில் வெல்டிங் பட்டறை இல்லாத சிற்றூர் குறைவு. கூலி கொடுத்துச் செய்துகொள்வதுதான் லாபம். உழவு நேரத்தில் கொழு உடைந்து, பட்டறைக்காரர் கல்யாண மண்டபத்து ஷெட் வேலையில் இருக்கிறார் என்று இரண்டு நாள் டிராக்டரை நிறுத்திவைக்க வேண்டியிருக்கிறதே, அந்த எரிச்சல் அடிக்கடி வருகிறவர்தான் வாங்கத் தகுந்தவர்.

பழைய செம்புச் செட்

முதலில் மூத்தவரைப் பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் செட். உள்ளே இரும்புத் தகடுகளும் காயிலும்தான். எண்ணெயில் மூழ்கியதோ, காற்றில் ஆறுவதோ, எதுவானாலும் இரண்டு பேர் சேர்ந்தால்தான் நகரும். கெட்டுப்போக அதில் அதிகமாக ஒன்றும் இல்லை. கெட்டாலும் கவலை இல்லை. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்த நாளிலிருந்து கோவையைச் சுற்றி மில்லும் மோட்டாரும் பம்புசெட்டும் பெருகியதில், காயில் கட்டுகிற கை இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. பம்பு மோட்டார் கட்டுபவரே இதையும் கட்டிக் கொடுத்துவிடுவார். இந்த ஒரு பெருமையை மற்ற எந்த மெஷினும் சொல்லிக்கொள்ள முடியாது.

சிக்கல் மின்சாரத்தில் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை இரண்டு ஃபேஸ், அதாவது 415 வோல்ட் கேட்பவை. டிரான்ஸ்ஃபார்மரில் கணக்கு எளிது. ராடு (உருகி இணைப்பாகும் வெல்டிங் குச்சி) பற்றுவதற்குமுன் வெளியே 75 வோல்ட் நிற்கும் செட் என்று வைத்துக்கொண்டால், 110 ஆம்பியரில் பற்றவைக்கும்போது 415 வோல்ட் லைனிலிருந்து சுமார் 20 ஆம்பியர் இழுக்கும். அதையே 230 வோல்ட் வீட்டு லைனில் ஓட்டினால் 36 ஆம்பியர். வீட்டு ஃப்யூஸ் எவ்வளவு நேரம் பொறுக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிங்கிள் ஃபேஸ் என்று விற்கப்படும் சிறிய செட்டுகளில் இந்த 75 வோல்ட்டையே குறைத்துக் கட்டியிருப்பார்கள். இழுப்பு குறையும், ஆனால் ராடு பற்றிக்கொள்ளாமல் ஒட்டி ஒட்டி நிற்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

தோட்டத்தில் இருப்பவருக்கு இங்கே ஒரு சபலம் வரும். கிணற்று மோட்டார் ரூமில்தான் மும்முனை மின்சாரம் இருக்கிறதே, ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து இரண்டு வயர் எடுத்தால் என்ன என்று. பலரும் செய்கிறார்கள் என்பதால் அது சரியாகிவிடாது. விவசாய இணைப்பு பாசனத்துக்காகக் கொடுக்கப்பட்டது. வேறு வேலைக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின் கீழ் கட்டணம் போடுவார்கள். தவிர, மும்முனை மின்சாரம் விடுகிற நேரத்துக்குக் காத்திருந்துதான் கேட்டுக்குக் கொண்டி வைக்க முடியும் என்றால் சொந்த மெஷின் வாங்கியதன் பொருள் என்ன?

ஆகவே சாளைக்கே முறையான மும்முனை இணைப்பு இருந்து, டிரெய்லர் சேஸிஸ், 8 மி.மீ., 10 மி.மீ. பிளேட் போன்ற கனத்த வேலைகளும் இருந்தால் மட்டும் பழைய செட் தேடலாம். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஆரம்பித்து, மூடப்போகிற பட்டறைகள் வரை எங்கும் கிடைக்கும். ஒரே நிபந்தனை: மூடியைத் திறக்கச் சொல்லி, காயில் முனையில் வார்னிஷைச் சுரண்டிப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாக இருந்தால் அலுமினியம். செம்பு விலைக்கு அதை வாங்காதீர்கள்.

இன்வெர்ட்டர் ஆர்க்

தோளில் பட்டை மாட்டித் தூக்கிக்கொண்டு போகிற ஐந்தாறு கிலோ பெட்டி. வீட்டு மின்சாரத்தை உள்ளே நேர்மின்சாரமாக்கி, வேகமாகத் துண்டாடி, சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வழியே இறக்கி, மறுபடி நேர்மின்சாரமாக வெளியே விடுகிறது. துண்டாடுகிற வேலையைச் செய்வது ஐ.ஜி.பி.டி. என்கிற ஸ்விட்ச். அந்தத் துண்டாடல் நொடிக்குப் பல ஆயிரம் தடவை நடப்பதால்தான் டிரான்ஸ்ஃபார்மர் கையளவுக்குச் சுருங்கிவிட்டது.

இதற்கு வீட்டு லைன் போதுமா? 6013 என்கிற வகை ராடை, 2.5 மி.மீ. கனத்தில், 80 ஆம்பியரில் எரித்தால், மெஷினின் இழப்பும் பவர் ஃபேக்டரும் சேர்ந்து 230 வோல்ட் லைனில் 13, 14 ஆம்பியர் ஆகும். 16 ஆம்பியர் பவர் பிளக்கில் அடங்கிவிடும். 3.15 மி.மீ. ராடை 110-இல் எரித்தால் சுமார் 20 ஆம்பியர். இது பிளக்கின் தகுதிக்கு மேல். அதற்கு மீட்டர் பெட்டியிலிருந்து தனியாக 4 சதுர மி.மீ. வயர் இழுத்து, 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் தொழிற்சாலை சாக்கெட்டும் போட வேண்டும். வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமை எவ்வளவு என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை கேட்டுவிடுவதும் நல்லது. லைனின் கடைசியில் இருக்கும் சாளைகளில் மாலை நேரத்தில் 180 வோல்ட்தான் வரும். அப்போது அதே வேலைக்கு இழுப்பு இன்னும் ஏறும், மலிவு மெஷின் மக்கர் செய்யும். 160 வோல்ட்டிலும் ஓடும் என்று தகட்டில் அச்சடித்திருக்கிற மெஷினுக்குச் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பது நம் பக்கத்தில் வீண்செலவு அல்ல. 200-க்கும் 250-க்கும் இடையிலான வித்தியாசத்துக்குக் கொடுப்பதுதான் வீண்.

அந்த எண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம். மெஷின் பின்புறத் தகட்டில் சதவீதம் ஒன்று இருக்கும். 200 ஆம்பியர், 60 சதவீதம், 40 டிகிரி என்றால், 40 டிகிரி சூட்டில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் 200 ஆம்பியரில் எரிக்கலாம், நாலு நிமிடம் ஆற வேண்டும் என்று பொருள். சதவீதமே போடாமல் 250 என்று மட்டும் முன்பக்கம் பெரிதாக எழுதியிருந்தால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. 40 டிகிரியையும் கவனியுங்கள். சித்திரை வெயிலில் கரூர் பக்கமும் ஈரோட்டுப் பக்கமும் நிழலிலேயே 40-ஐத் தொடுகிறது, தகர ஷெட்டுக்குள் கேட்கவே வேண்டாம். ஆனால் இதை வைத்து மிரட்டுகிறவர்களை அதிகம் நம்ப வேண்டியதும் இல்லை. 2.5 ராடு ஒன்று ஏறக்குறைய ஒரு நிமிடம் எரியும். பிறகு ராடு மாற்றுவீர்கள், தையலின் (பற்றவைத்த கோட்டின்) மேல் படிந்த கசடைத் தட்டுவீர்கள், சதுரம் சரியாக இருக்கிறதா என்று மட்டம் வைத்துப் பார்ப்பீர்கள். வீட்டுக்காரரின் கை மெஷினைவிட அதிகமாக ஓய்வெடுக்கிறது. நேர்மையாக 160 ஆம்பியர் தருகிற மெஷின் 3.15 ராடுக்குத் தாராளம். வீட்டில் 4 மி.மீ. ராடு எரிக்க வேண்டிய நாள் அபூர்வம்.

வாங்கும்போது ஒரே சோதனை போதும். 3.15 ராடு மூன்றை, ஒன்றன் பின் ஒன்றாக, முழுதாக எரித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கண் முன்னால், கொஞ்சம் துருப் பிடித்த ஆங்கிளில். கொடிசியா கண்காட்சி அரங்கில் கிரைண்ட் செய்து பளபளக்கும் பிளேட்டில் ஓட்டிக் காட்டுவதெல்லாம் எல்லா மெஷினும் செய்யும் வித்தை.

இதன் பலவீனம் தூசி. உள்ளே விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் கிரைண்டர் ஓடினால் இரும்புத் தூளை உறிஞ்சிக்கொள்ளும், அந்தத் தூள் மின்சாரம் கடத்தும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய ஷெட் என்றால் பஞ்சு அடைத்துக்கொண்டு சூடாகும். மழைக்காலத்தில் வெப்பம் தேடிப் பல்லி உள்ளே போய்ப் போர்டோடு சேர்த்துத் தன்னையும் முடித்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை கம்ப்ரஸர் காற்றடித்து, வேலை முடிந்ததும் சாக்கால் மூடாமல் பெட்டிக்குள் வைத்தால் போதும். போர்டு போனால் காயில் கட்டுபவரால் ஒன்றும் செய்ய முடியாது. கோவையிலோ ஈரோட்டிலோ திருப்பூரிலோ போர்டு பார்க்கிறவரிடம் போக வேண்டும். அதனால் பெயர் தெரியாத மெஷினை இணையத்தில் பாதி விலைக்கு வாங்குவதைவிட, சர்வீஸ் சென்டர் எங்கே என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய கடையில் வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மிக், காற்று, ஆடி மாதம்

குண்டடம் பக்கம் என் தங்கை மாப்பிள்ளை மனத்தில் இருந்தது மிக் மெஷின்தான். பட்டறைக்காரர்கள் சி.ஓ.2 வெல்டிங் என்று சொல்வது. "ராடு மாற்றவே வேண்டியதில்லை மச்சான், கசடு தட்டவும் வேண்டாம், எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்" என்று பிடிவாதமாகச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. 0.8 மி.மீ. கம்பிச் சுருள் துப்பாக்கி வழியே தானாக வந்துகொண்டே இருக்கும். சுற்றிலும் வாயு வந்து உருகிய இரும்பைக் காற்று தொடாமல் காக்கும். 18 கேஜ் சதுர பைப், அதாவது 1.2 மி.மீ. கனம், இதற்குப் பிடித்த உணவு. ஆர்க் மெஷினில் அந்த பைப்பை 2.5 ராடு வைத்துத் தொட்டால் ஓட்டை விழும். 2 மி.மீ. ராடு வைத்து, ஆம்பியரைக் குறைத்து, புள்ளி புள்ளியாக வைத்துத்தான் தப்பிக்க வேண்டும். நாற்காலி, அலமாரி, ஜன்னல் கிரில், படிக்கட்டுக் கைப்பிடி என்று மெல்லிய பைப் வேலையே முக்கால் பங்கு என்றால் மிக் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். கரூரில் பஸ் பாடி கட்டுகிறவர்கள் ராடு வெல்டிங்கைவிட மிக்கை விரும்புவதற்குக் காரணமும் அதுதான்.

ஆனால் அவர் மறந்த இடம் குண்டடம். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனியிலும் ஆடியிலும் வரும் காற்று எப்படிப்பட்டது என்பதற்கு அங்கே வயலுக்கு வயல் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. மிக்கின் வாயுத் திரை மணிக்கு எட்டு கிலோமீட்டர் காற்றிலேயே கலையத் தொடங்கிவிடும். அது முகத்தில் உணரக்கூடிய மெல்லிய காற்று, அவ்வளவுதான். திரை கலைந்தால் தையலுக்குள் காற்றுக் குமிழ் புகுந்து தேன்கூடு மாதிரி ஆகிவிடும். நாலு பக்கமும் சுவர் வைத்த அறைக்குள் செய்யலாம். ஆனால் தோட்டத்தில் பாதி வேலை வேலி ஓரத்தில், நட்டுவைத்த தூணில் நடக்கிறது. அங்கே சிலிண்டரையும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அது காலியானால் வெள்ளகோவிலிலோ மூலனூரிலோ இருப்பவர் பெரிய ஊருக்குத்தான் வண்டி கட்ட வேண்டும்.

இன்னொன்று, இதைப் பற்றி விற்பவர்கள் வாய் திறப்பதில்லை. மிக்கில் அழகான தையல் போடுவது ஒரு நாளில் வந்துவிடும். ஆனால் சூடு போதாமல் இரும்பின்மேல் வெறுமனே படிந்த தையலும் அதே அழகோடுதான் இருக்கும். டிரெய்லர் கொக்கியில் அப்படி ஒன்று வைத்துவிட்டுக் கரும்பு ஏற்றினால் ரோட்டில்தான் தெரியவரும். ராடு வெல்டிங் தவறினால் முகத்திலேயே காட்டிவிடும்; கோணல், ஓட்டை, கசடு எல்லாம் வெளியே தெரியும். புதியவருக்கு முகத்தில் காட்டுகிற ஆசிரியர்தான் நல்லது.

வாயு இல்லாத மிக் என்று ஒன்று இப்போது மலிவாக வருகிறது. கம்பிக்கு உள்ளே மருந்து இருக்கும், அது எரிந்து தானே வாயு தரும். காற்றைத் தாங்கும், சிலிண்டர் வேண்டாம். ஆனால் கம்பி விலை அதிகம், தெறிப்பும் அதிகம், கசடும் தட்டியாக வேண்டும். துப்பாக்கியின் முனையை நெகட்டிவ்வில் மாற்றிப் போட வேண்டும் என்பதைச் சொல்லாமலே பெட்டியைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். ராடு ஊர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிறது. இந்தக் கம்பி கிடைப்பதில்லை. எனக்கு இதில் மனம் ஒட்டவில்லை.

டிக் என்கிற இன்னொரு வகை வெல்டிங் பற்றி ஒரே வரி: ஆர்கான் சிலிண்டர், இரண்டு கைக்கும் தனித்தனி வேலை, எறும்பு ஊர்கிற வேகம். பால் கேனும் எவர்சில்வர் தொட்டியும் தொழிலாக இருப்பவருக்கு மட்டும்.

மிச்சப் பணம் எங்கே போக வேண்டும்

மாப்பிள்ளைக்கு நான் சொன்ன கணக்கு இது. வீட்டு லைன் சிங்கிள் ஃபேஸ். வேலையில் பெரும்பகுதி 3 மி.மீ. முதல் 6 மி.மீ. வரையிலான ஆங்கிள், ஃபிளாட், கனமான பைப். ஷெட்டுக்கு மேற்கே சுவர் கிடையாது. இப்படிப்பட்டவருக்கு மிக்கும் வேண்டாம், பழைய செட்டும் வேண்டாம். குறைந்த வோல்ட்டேஜைத் தாங்கும் 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் ஆர்க் ஒன்று. மிக்குக்கும் அதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை வேறு இடத்தில் செலவழிக்க வேண்டும்.

முதல் செலவு வயர். மெஷினோடு வரும் கேபிள் பெரும்பாலும் குட்டை, அதிலும் செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருக்கும். 25 சதுர மி.மீ. செம்புக் கேபிளில் ஹோல்டருக்கு ஐந்து மீட்டரும் எர்த்துக்கு மூன்று மீட்டரும் வாங்குங்கள். எர்த் கிளிப் பித்தளையில், கடிக்கிற மாதிரி இருக்கட்டும். வேலி ஓரத்துக்கு எக்ஸ்டென்ஷன் போடுகிறவர்கள் வீட்டில் கிடக்கிற 1 சதுர மி.மீ. வயரை இழுத்துக்கொண்டு போவார்கள். முப்பது மீட்டர் அந்த வயரில் 20 ஆம்பியர் போனால் வழியிலேயே 22 வோல்ட் தொலைந்துவிடும், வயரும் சூடாகும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு ஐந்தாறு வோல்ட்தான். சுருளாக வைத்தபடியே பயன்படுத்தக்கூடாது, முழுதும் பிரித்துப் போட வேண்டும்.

அடுத்தது முகக்கவசம். கையில் பிடிக்கிற கறுப்புக் கண்ணாடியோடு ஆரம்பித்தால், ராடு எங்கே தொடுகிறது என்று பார்ப்பதற்காகக் கண்ணாடியை விலக்கியபடியே பற்றவைப்பீர்கள். அன்று இரவு கண்ணில் மணல் கொட்டியதுபோல் இருக்கும். பற்றியவுடன் தானாக இருளும் கவசம் இப்போது பெரிய விலை இல்லை. 9 முதல் 13 வரை இருட்டை மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். ராடு வேலைக்கு 10 அல்லது 11 சரியாக இருக்கும். தோல் கையுறை, முழுக்கைப் பருத்திச் சட்டை. பாலியெஸ்டர் பனியனில் பொறி விழுந்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். திருப்பூருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு பருத்திக்குப் பஞ்சமா?

நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் இல்லாமல் வெல்டிங் கற்றுக்கொள்ள முடியாது. துருவையும் பெயிண்டையும் எடுக்காமல் வைக்கிற தையல் எந்த மெஷினிலும் நிற்காது. ஜி.ஐ. பைப் என்றால் மேலுள்ள துத்தநாகப் பூச்சையும் பற்றவைக்கும் இடத்தில் சுரண்டி எடுத்துவிட வேண்டும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிறது. இரும்பு உருக 1,500 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்த வெள்ளைப் புகையை மூடிய அறையில் சுவாசித்தவருக்கு ராத்திரி குளிர் காய்ச்சல் வரும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னஞ்சோகையும் மஞ்சியும் குவிந்திருக்கும் இடத்தில் பொறி பறக்க விடாதீர்கள். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஈரச் சாக்கும் இருக்கட்டும். டீசல் டிரம்மைக் காலியாக இருக்கிறது என்று நம்பிப் பற்றவைக்கவே கூடாது. உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும்.

ராடு 6013-லேயே ஆரம்பிக்கட்டும், 2.5 மி.மீ. ஒரு பாக்கெட், பிறகு 3.15. வலுவுக்கு 7018 என்கிற வேறு வகை ராடை வாங்கச் சொல்வார்கள். ஈரம் பட்டால் அதைச் சூளையில் காயவைக்க வேண்டும், வீட்டில் அது நடக்காது. மின்சாரச் செலவை நினைத்து மெஷினைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம். 2.5 ராடில் ராடு எரிகிற நேரம் மட்டும் ஒரு மணி சேர்ந்தால் இரண்டேகால் யூனிட் ஆகும். ஒரு கேட் முழுதாகச் செய்தாலும் அவ்வளவு நேரம் எரிக்க மாட்டீர்கள்.

மோனோபிளாக் பம்பின் வார்ப்பிரும்பு உடல் விரிசல் விட்டால் அதை மட்டும் வீட்டில் தொடாமல் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். நிக்கல் ராடு விலையும், அதை மெல்ல ஆறவைக்கிற பக்குவமும் முதல் வருடத்துக்கு உரியவை அல்ல.

இரண்டு வருடம் கழித்துப் பைப் வேலை பெருகி, ஷெட்டுக்கு மேற்கே சுவரும் எழுப்பிவிட்டால் அப்போது மிக் வாங்கிக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு இந்த ஆர்க் மெஷினைப் பழைய விலைக்குத் தள்ளிவிட வேண்டாம் என்றும்.